தரையில் ஓட்டிப் பார்த்த எஞ்சின்

நம்முடைய தோட்டத்துக் கராஜுக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். பின்சுவரில், பழைய பெல்ட்டுகள் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் சீட்டை இரண்டாக மடித்து மாட்டியிருக்கிறதே, அது எதற்கு? புகையில் கறுத்து, ஓரமெல்லாம் வெடித்து, நடுவில் ஒரு வட்டத் தழும்போடு கிடக்கிறது. எடுத்து எறிந்துவிடலாமா என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டானாம். எறிந்திருந்தால், ஓய்வு பெற்ற கிழவன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மலையேறி வந்து உதைத்திருப்பேன்.

உங்களுக்கு எஞ்சின் கழற்றத் தெரியும், பூட்டத் தெரியும். படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதையெல்லாம் நான் சொல்லி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. ஒரே ஒரு விஷயம்தான். பாவித்த பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தால், அதை வண்டிக்குள் இறக்கும் முன் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நன்றாக, சலிக்கச் சலிக்க ஓட்டிப் பாருங்கள். வண்டிக்காரர் அவசரப்படுவார். "வாங்கும்போதே ஓட்டிக் கேட்டுட்டுத்தானே வந்தோம்" என்பார். உங்களைப் பைத்தியக்காரன் என்பார். என்னையும் சொன்னார்கள். அன்று என்னோடு மல்லுக்கு நின்றவர்களின் பெயர்களைக்கூட இப்போது சொல்லப் போகிறேன், அவர்களே சிரித்துக்கொண்டு அனுமதி தந்துவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி. நிவித்திகலைக்கு மேலே நம் தோட்டம் இன்றைக்கு இருப்பது போலத்தான் இருந்தது, மேல்மலை தேயிலை, கீழே ரப்பர். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். வரைக்கும்தான், அதாவது பதினோராம் வகுப்பு வரைக்கும்தான். அதற்கு மேல் ஏ.எல். வகுப்பைத் தமிழில் படிக்க இரத்தினபுரிக்குத்தான் போக வேண்டும். பஸ் மேலே வராது. விடியுமுன் ரப்பர் காட்டுக்குள் இறங்கிப் பெரிய ரோட்டுக்கு நடக்க வேண்டும், பெண் பிள்ளைகளை அப்படி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதனால் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பழைய வேனை வாங்கினார்கள். ஓட்டியவன் அந்தோணி. அவன் பெண்சாதி மேரி கீழ்மலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மகள் ஸ்டெல்லா ஏ.எல். கடைசி வருடம்.

ஒரு நாள் பின்னேரம், பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்த வேன் கடைசி ஏற்றத்தில் 'டமார்' என்று நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். உள்ளே பிஸ்டனைத் தாங்குகிற தண்டு முறிந்து, எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. அந்த எஞ்சினுக்கு என்னால் செய்ய முடிந்தது தொப்பியைக் கழற்றுவது மட்டும்தான்.

வேன் நின்றால் நம் மலையில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் வாரம் பிள்ளை வீட்டில் இருக்கும். அடுத்த வாரம் சும்மா ஏன் இருக்கிறாய் என்று கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கக் கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு கொழும்பில் வேலைக்கு நிற்க ஒரு நல்ல வீடு இருக்கிறது, வேலை அதிகமில்லை என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்து லயத்து வீட்டு வாசலில் உட்காருவார்கள். ஸ்டெல்லாவுக்கு அப்படி ஒருவர் ஏற்கனவே வந்துவிட்டார். வேறு யாருமில்லை, அந்தோணியின் அக்காவேதான்.

"பரீட்சை கிட்ட வந்துருச்சு அண்ணே" என்றான் அந்தோணி. "வேன் ஓடலைன்னா அக்கா புள்ளைய கூட்டிட்டுப் போயிருவா. எனக்கு அவகிட்ட பேசி செயிக்க முடியாது. நீங்கதான் ஏதாவது செய்யணும்."

தோட்டத்து மேனேஜர் துரையிடம் போய் நின்றேன். நல்ல மனிதர், ஆனால் கறார். சனிக்கிழமை லொறியைத் தந்தார். "ஞாயித்துக்கிழமை கராஜ் ஒனக்கு. திங்கக்கிழமை விடிஞ்சா எனக்கு" என்றார். திங்கள் முதல் தேயிலை அரைக்கும் ஸ்டோர் மெசின்களைப் பிரித்து மாட்டும் வேலை ஆரம்பம், அது முடிய மாதக் கணக்கில் ஆகும். ஆக, ஞாயிற்றுக்கிழமைக்குள் வேன் ஓடினால் ஓடியது. இல்லையென்றால் ஸ்டெல்லா கொழும்புக்கு.

எம்பிலிப்பிட்டியவில் பழைய எஞ்சின் விற்கிற ஒரு முற்றம் இருந்தது. சனிக்கிழமை வெள்ளனவே நானும் அந்தோணியும் போய் இறங்கினோம். முதலாளி எங்களை வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். சிங்களத்தில்தான் பேசினோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். முற்றத்தின் நடுவில் ஓர் எஞ்சின். கழுவி, துடைத்து, நீலப் பெயின்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை போல் வைத்திருந்தார். சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பற்றிக்கொண்டது. அந்தோணி என் கையைப் பிடித்து அழுத்தினான், அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கு வேலை பழக்கியவர் எஹலியகொடயில் ஒரு சிங்கள பாஸ், அதாவது மேஸ்திரி. பேர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். வாயைத் திறந்தால் முக்கால்வாசி திட்டுத்தான், மீதிக் கால்வாசியில் இரண்டு நல்ல வார்த்தை வைத்திருந்தார். அதில் ஒன்று: "சூட்டில் எல்லா எஞ்சினும் நல்லதுதான். குளிரில் எது எழும்புதுன்னு பார்." நீல எஞ்சின் ஓடும் சத்தத்தில் எனக்கு அந்த மனிதரின் குரல் கேட்டது. நிறுத்தச் சொன்னேன். அடிப்பக்கம் கையை வைத்தேன். காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நாங்கள் வந்து ஒரு வெற்றிலை போடும் நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அவ்வளவு சூடு எங்கிருந்து வரும்?

"முதலாளி, இது காலையில எங்க போயிட்டு வந்துச்சு?"

"எங்கேயும் போகலையே. இங்கேதான் இருக்கு."

"அப்படின்னா காய்ச்சலா இருக்கும். ஆறட்டும். நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்."

முதலாளியின் பல் கொஞ்சம் உள்ளே போனது. இன்னொருவர் கேட்டு வைத்திருக்கிறார், பிந்தினால் கிடைக்காது என்றார். அந்தோணி என்னை ஓரமாக இழுத்து, "அண்ணே, கை தொட்ட ஒடனே பத்துது, இதுக்கு மேல என்ன பாக்கணும்?" என்று பல்லைக் கடித்தான். அவனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சோற்றுக் கடையில் உட்கார வைத்தேன். அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது எஞ்சின் சில்லிட்டிருந்தது. இப்போது சாவியைத் திருப்பினால் முனகியது. வெள்ளைப் புகை விட்டது. மறுபடி முனகியது. பேட்டரி இளைத்துப் போனதுதான் மிச்சம். கடைசியில் முற்றத்து ஆள் ஒரு துணியைப் பெட்ரோலில் நனைத்துக் காற்று போகும் வாயில் பிடித்தான். அதற்கு மட்டும் விழுந்தடித்துக்கொண்டு எழும்பியது.

"முதலாளி, மாப்பிள்ளை தண்ணி போட்டாத்தான் எந்திரிப்பாரா?" என்று கேட்டேன். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளியும்தான். கெட்டிக்காரர், பிடிபட்டால் கோபப்படக்கூடாது என்று தெரிந்தவர். வேலியோரம் ஈரப்பலா மரத்தடிக்கு என்னைத் தானே கூட்டிக்கொண்டு போனார். தகரத்தை விலக்கினால், கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பிப்போய் இன்னொன்று கிடந்தது. யாரும் கழுவவில்லை, பெயின்ட் அடிக்கவில்லை. அதனால்தான் எனக்குப் பிடித்தது. எங்கே கசிகிறது, எங்கே கசியவில்லை என்று அந்த அழுக்கே சொல்லியது. பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பினோம். இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.

லொறியில் ஏற்றும்போது, "என்கிட்ட வேலைக்கு வாறியா?" என்று முதலாளி கேட்டார்.

"நான் வந்தா ஒங்க வியாபாரம் படுத்துரும் முதலாளி" என்றேன்.

தலைகால் தெரியாத சந்தோஷத்தில் திரும்பினோம். வழியில் சோதனைச் சாவடியில் எங்கள் இருவரின் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்த ஆமிக்காரப் பையன், எஞ்சினை மூடியிருந்த படங்கைத் தூக்கிப் பார்த்து, "ஓடுமா?" என்றான். "நாளைக்குத்தான் தெரியும்" என்றேன். அந்தோணி திடுக்கிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். லொறி நகர்ந்ததும் ஆரம்பித்தான். "என்னண்ணே, நாளைக்குத்தான் தெரியும்ங்கிறீங்க? இப்பத்தானே ஓட்டிப் பாத்தோம்?"

"முற்றத்துல ரேடியேட்டர் இல்லாம, தண்ணி இல்லாம ரெண்டு நிமிசம் ஓடுனது ஓட்டமா? பொண்ணு பாக்கப் போன எடத்துல பொண்ணு கொண்டாந்த தேத்தண்ணி மாதிரி அது. நாளைக்குத் தரையில வச்சு ஓட்டணும். சூடேறி, எண்ணெய் இளகி, அதுக்கப்பறம் என்ன பேசுதுன்னு கேக்கணும்."

நிவித்திகலை வரும்வரை அவன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

ஞாயிறு காலையில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் கராஜ் வாசலில் வந்து நின்றார்கள். காளியம்மா தலைமை. மேட்டு லயத்துக் காளியம்மா, இரண்டு பேத்திகளை வேனில் அனுப்புகிறவள், கோயில் காரியமெல்லாம் அவள் கையில்தான். நல்ல நேரம் பார்த்து வைத்திருந்தாள். அந்த நேரத்துக்குள் எஞ்சின் வேனுக்குள் இறங்க வேண்டும்.

"எறங்காது" என்றேன். "மொதல்ல தரையில ஓடணும்."

"நேரம் தவறுனா இன்னிக்கு வேற நேரமே இல்ல தம்பி."

"இதுக்குத்தான் சொன்னேன், இந்த மனுசனுக்கு மண்டைக் கனம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பைத்தியம் என்றது இன்னொன்று. அந்தோணி தலையைக் குனிந்துகொண்டான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சாவிக் கொத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடலாம் போலிருந்தது. மேரிதான் மெதுவாகக் கேட்டாள்: "நல்ல நேரத்துல என்ன செய்யணும் அக்கா? தொடங்கணும், அவ்வளவுதானே? தரையிலயே தொடங்குவோமே." காளியம்மா மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். தொடங்குவதுதான் முக்கியம், எங்கே தொடங்குவது என்று சாமி கேட்கவில்லை என்று முடிவானது. இனி சக்கரமே இல்லாத எஞ்சினுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்ற சண்டை. கடைசியில் எஞ்சினைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியில் வைத்தார்கள்.

பழைய ரயில் சிலிப்பர் கட்டைகள் இரண்டைப் போட்டு, எஞ்சினை அதில் இறுக்கியிருந்தேன். முன்னால் ரேடியேட்டர். மேலே கூரை வளையில் ஒரு சேலைன் போத்தல், அதில்தான் டீசல். ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி இருந்தது பார்க்க. எண்ணெயைக் கோட்டு வரை அளந்து ஊற்றிவிட்டு, லொறியிலிருந்து பேட்டரியைக் கழற்றப் போனேன். திரும்பி வந்தபோது பெற்றவர்கள் எல்லாரும் எஞ்சினைச் சுற்றி நின்றுகொண்டு, என்னைக் கண்டதும் வெட்கப்பட்டு விலகினார்கள். காளியம்மா விரலைத் தலையில் துடைத்துக்கொண்டாள். தொட்டுக் கும்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

எல்லாரையும் முன்பக்கம், பலா மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்க வைத்தேன். எஞ்சினுக்குப் பக்கவாட்டில் யாரையும் விடவில்லை. எது பறந்தாலும் பக்கவாட்டில்தான் பறக்கும். தேங்காய் உடைந்தது. அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு பேட்டரிக் கம்பியை ஸ்டார்ட்டரில் தொட்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. நல்ல ஓட்டம். கைதட்டல், குலவை. காளியம்மா என்னைப் பார்த்த பார்வையில், "இதுக்கா இவ்வளவு ஆட்டம் ஆடினே?" என்பது எழுதி ஒட்டியிருந்தது.

ஓடட்டும் என்றேன். சூடேறியது. மேலும் கொஞ்சம் ஓடியது. அப்போதுதான் சத்தம் ஏற ஆரம்பித்தது.

யாரும் எதையும் தொடவில்லை, தானாக ஏறியது. முதலில் வேன் ரோட்டில் போகும் சத்தம். அப்புறம் லொறி மேடு ஏறும் சத்தம். அப்புறம் நான் அதுவரை கேட்டிராத சத்தம். சிலிப்பர் கட்டைகள் துள்ள ஆரம்பித்தன. புகைக் குழாயிலிருந்து நீலப் புகை கராஜை நிறைத்தது. எஹலியகொட பாஸின் இரண்டாவது நல்ல வார்த்தை அப்போதுதான் கைகொடுத்தது: "எஞ்சின் ஓடும்போது நீ ஓடாதே. ஒருத்தர் ஓடினால் போதும்." நின்றேன். நின்று பார்த்தேன்.

நிறுத்தும் கம்பியை இழுத்தேன். கேட்கவில்லை. சேலைன் போத்தல் குழாயைப் பிடுங்கி எறிந்தேன், டீசல் என் முகத்தில்தான் அடித்தது. டீசல் இல்லாமல் எஞ்சின் நிற்க வேண்டும் அல்லவா? இன்னும் வேகமாக ஓடியது. அந்தோணி, "என்னண்ணே இது, பேய் புடிச்ச மாதிரி?" என்று கத்தினான். பேயில்லை. நீலப் புகை என்றால் எண்ணெய். இந்த எஞ்சின் டீசலை விட்டுவிட்டுத் தன் வயிற்றிலிருக்கும் எண்ணெயையே குடித்துக்கொண்டிருக்கிறது. அது தீரும் வரை நிற்காது, அதற்கு முன்பே உடைந்து சிதறும். சாப்பாட்டை நிறுத்த முடியாவிட்டால் மூச்சை நிறுத்த வேண்டும். காற்று போகிற வாயை அடைக்க வேண்டும். வேறு வழியே இல்லை.

அதற்குள் அந்தோணி ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "வைக்காதே!" என்று அலறினேன். சாக்கு வைத்தால் நார் நாராக உறிஞ்சி உள்ளே இழுத்துவிடும், பின்னாலேயே கையும் போகும். அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினேன். "சீட்! ரப்பர் சீட்!" என்று மேரியைப் பார்த்துக் கத்தினேன். கராஜுக்குக் கீழேதான் ரப்பர் சீட்டை உலர்த்தும் புகைக்கூடு. முந்தின நாள் உருட்டிய சீட்டுகள் வேலியில் தொங்கின. மற்றவர்கள் என்ன சொல்கிறான் இவன் என்று முழிக்கும்போதே மேரி வேலியில் இருந்தாள். ஒன்றை உருவினாள். உருவியதோடு நிற்கவில்லை, ஓடி வரும்போதே இரண்டாக மடித்தாள். புதுச் சீட் இழுத்தால் இழுபடும், ஒற்றையாக வைத்தால் உள்ளே போய்விடும். அதை நான் சொல்லவில்லை. வருடக் கணக்காக அதைக் கையில் பிடித்தவளுக்குச் சொல்லவும் தேவையில்லை.

பழைய தேயிலைப் பெட்டியின் பலகை ஒன்றை எடுத்தேன். அதன் முன் மேரியின் சீட்டை விரித்துப் பிடித்து, பலகையோடு அந்த வாயில் வைத்து என் முழுப் பாரத்தையும் போட்டு அமுக்கினேன். எஞ்சின் ஒரு தரம் இழுத்தது. பலகை என் மார்போடு ஒட்டி நடுங்கியது. மறுபடி இழுத்தது. விக்கியது. குலுங்கியது. நின்றுவிட்டது.

அந்த அமைதியை என்னால் சொல்லி முடியாது. பலா மரத்திலிருந்து ஒரு காகம் கரைந்தது, அவ்வளவுதான். தேயிலையும் ரப்பரும் சேர்ந்துதான் அதை அடக்கின என்று பிறகு நான் போகிற இடமெல்லாம் பெருமையடித்தேன். அந்த நேரம் பலகையை எடுக்கத் துணியாமல் அப்படியே அமுக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தோணி தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு" என்றான். "எல்லாம் போச்சு அண்ணே. அக்கா நாளைக்கே வந்துருவா." காளியம்மா, ராசியில்லாத எஞ்சின், வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புங்கள் என்றாள். நல்ல நேரத்திலேயே இப்படி என்றால், என்று யாரோ இழுத்தார்கள். ஸ்டெல்லா கராஜ் வாசலில் நின்றாள். அழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எஞ்சின் கத்தும்போது முடிவெடுப்பது ஒரு மாதிரி. அது அடங்கி, மனுசர் எல்லாரும் கத்தும்போது முடிவெடுப்பது அதைவிடக் கஷ்டம். எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. நேற்றுக் குளிரில் அவ்வளவு ஒழுங்காக எழும்பிய எஞ்சின், இன்று ஏன் எண்ணெய் குடிக்கிறது? குடிகாரன் என்றால் நேற்றே வாடை அடித்திருக்குமே.

எண்ணெய் பார்க்கிற குச்சியை உருவினேன். கோட்டைத் தாண்டி, கோட்டுக்கு மேலே, குச்சியின் கழுத்து வரைக்கும் எண்ணெய். கோட்டு வரை அளந்து ஊற்றியது நான். மூலையில் மிச்சம் வைத்த எண்ணெய் டின்னைத் தூக்கினேன். காலி.

"யாரு எண்ணெய் ஊத்துனது?"

எல்லாரும் காளியம்மாவைப் பார்த்தார்கள். காளியம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "விளக்குக்கு ஆளுக்கொரு கை ஊத்துவோம்ல தம்பி. எல்லார் வேனும்தானே. அதான், ஒவ்வொருத்தரும் நம்ம கையால..."

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். ஒருத்தர் விட்டா மனசு சங்கடப்படும்ல. எண்ணெய் கூடுனா நல்லதுன்னு நெனச்சோம்."

வயிறு முட்ட ஊற்றியிருக்கிறார்கள். உள்ளே சுழலும் தண்டு அதைக் கடைந்து அடித்து, எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் வழியாகக் காற்று வாய்க்குத் தள்ளியிருக்கிறது. அது தன் எண்ணெயைத் தானே குடித்து வெறி பிடித்து ஓடியிருக்கிறது. எஞ்சினில் குறையே இல்லை! எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. டீசலும் கரியுமாக நான் விழுந்து விழுந்து சிரிப்பதைப் பார்த்து முதலில் பயந்தார்கள். அப்புறம் மேரி சிரித்தாள், அப்புறம் எல்லாரும்.

சிரிப்பு அடங்கியதும் அந்தோணி எழுந்து வந்து, வேனைப் பார்த்தான், கீழே இறங்கும் ரோட்டைப் பார்த்தான். "அண்ணே, சொன்னபடி வேனுக்குள்ளயே எறக்கியிருந்தா, எண்ணெய அங்கதான் ஊத்தியிருப்போம்" என்றான். மிச்சத்தை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த வெறி பிடித்த எஞ்சின் இறக்கத்தில், பிள்ளைகளோடு. பின்னால் நின்று என்னை மண்டைக் கனம் என்ற குரல் அதற்குப் பிறகு இந்த மலையில் கேட்கவே இல்லை.

ஆனால் எனக்கு வேலை முடியவில்லை. குறை இல்லாத எஞ்சின்தான், ஆனால் இந்த ஓட்டத்தில் ஏதாவது குறை வந்திருக்குமோ? எண்ணெய் முழுவதையும் வடித்து, ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். உலோகப் பொடி இருந்தால் மின்னும். மின்னவில்லை. எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்தேன், ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தமும் ஒரே மாதிரி எதிர்த்து நின்றது. புது எண்ணெயை அளந்து ஊற்றினேன், இந்தத் தடவை டின்னைத் துரையின் ஆபீசில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். எஞ்சின் ஆறும்வரை யாரையும் தொடவிடவில்லை. பின்னேரம் திருப்பினோம். இரண்டு தரம் இருமி, மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது, எம்பிலிப்பிட்டியவில் பிடித்த அதே மாதிரி. மழை வரும்வரை ஓட்டினேன். மழை வந்த பிறகும் ஓட்டினேன். நீலப் புகை இல்லை, வேறு சத்தமில்லை. அப்படி ஒரு சோதனையைத் தாங்கிய எஞ்சின் இந்த மாகாணத்திலேயே வேறு இருந்திருக்காது.

பிறகு வேனுக்குள் இறக்கிப் பூட்டினோம். அது உங்களுக்குத் தெரிந்த வேலை.

திங்கட்கிழமை பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் நேரத்துக்கு, முன்னாலேயே பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு. எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தூரமாக, குற்றம் செய்தவர்கள் மாதிரி நின்றார்கள். வேனுக்குப் பக்கத்தில் வரவே பயம். எனக்கு அது பிடிக்கவில்லை. எண்ணெய் ஊற்றியது தப்பு. ஊற்ற நினைத்தது தப்பா? எல்லார் பிள்ளைகளும் போகிற வண்டியில் எல்லார் கையும் பட வேண்டும் என்று நினைத்தார்கள். அந்த நினைப்புக்குச் சரியான வாய் காட்டுவது மெக்கானிக்கின் பொறுப்பு. அதனால் ரேடியேட்டரில் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் வைத்திருந்தேன்.

மூடியைத் திறந்து, ஒரு செம்பையும் வாளியையும் கொண்டுவந்து வைத்தேன். "காளியம்மா, வாங்க. இதுல எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாம். நெறஞ்சா வழியும். வழிஞ்சா யாருக்கும் நட்டமில்ல."

காளியம்மா என்னையும் செம்பையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்தாள். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஊற்றினார்கள், தொட்டுக் கும்பிட்டார்கள். மேரி ஊற்றினாள். அந்தோணி சிலுவை போட்டுக்கொண்டு ஊற்றினான். அவன் அக்காவும் வந்திருந்தாள், ஸ்டெல்லாவைக் கூட்டிப் போகத்தான் வந்தாள். வரிசையைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், தானும் செம்பை வாங்கி ஊற்றினாள். அதைக் கண்டபோது எனக்கு எம்பிலிப்பிட்டிய முதலாளியை ஜெயித்ததைவிடப் பெரிய சந்தோஷம்.

அன்று முதல் நம் கராஜில் எந்த எஞ்சின் மாறினாலும் வண்டிக்கு உரியவர்கள் ஆளுக்கொரு கை தண்ணீர் ஊற்றுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் உங்களையும் ஊற்றச் சொல்லியிருப்பார்கள். அந்த வேன் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. ஸ்டெல்லா பரீட்சை எழுதினாள், பாஸானாள், இன்று அவள் டீச்சர். அவளிடம் படிக்கிற பிள்ளைகள் வருகிற வேனுக்கும் எஞ்சின் நம் கராஜில்தான் மாறியது. தரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

அந்தத் திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றக் கடைசியாக வந்தவள் ஸ்டெல்லாதான். புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே செம்பில் தண்ணீர் அள்ளினாள். எட்டிப் பார்த்துவிட்டு, "நெறஞ்சிருச்சு மாமா" என்றாள்.

"ஊத்து" என்றேன்.

ஊற்றினாள். நிரம்பி, ரேடியேட்டரின் நெற்றி வழியாக ஓடி, கராஜ் தரையெல்லாம் நனைந்தது. மூடியை இறுக்கினேன். குளிர்ந்து கிடந்த எஞ்சினில் அந்தோணி சாவியைத் திருப்பினான். இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம், பிள்ளைகள் கூச்சல் போட்டதில், அது பிடித்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.